நீதிமன்றம், ஸ்கொட்லாந்துப் பாணி

நீதிமன்றத்துக்குப் போகிறவன் சட்டம் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டம் தெரிந்த ஒருவரையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கூரையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிவாஜினியை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கவே மாட்டேன்.

என் பெயர் பொன்னம்பலம். பாரிசில் லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற வீதியின் மேல்முனையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன். சிவாஜினி எனக்குச் சொந்தக்காரி அல்ல. செவ்ரானிலிருந்து விடியப்புறம் ரயில் பிடித்து வந்து, கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டு, திரும்பிப் போகிற வழியில் என்னிடம் கீரை வாங்குகிறவள். தம்பி செத்த அன்று அவளுக்கு இருந்து அழுவதற்கு ஒரு இடம் தேவைப்பட்டது. என் கடையில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. நான் இதற்குள் அகப்பட்டது அப்படித்தான்.

தம்பியின் பெயர் சஞ்சீவன். ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் பிரேத அறையில் கிடத்தி, காலில் ஒரு அட்டையைக் கட்டினார்கள். அட்டையில் இருந்த பெயர் மிதுசன்.

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். சஞ்சீவன் இந்த நாட்டுக்கு வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரன் அவன் கையில் ஒரு பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து, "இனி நீ மிதுசன், பிறந்தது முல்லைத்தீவு" என்றான். அந்த மிதுசன் யார், எங்கே இருக்கிறான், அவனுடைய சான்றிதழ் எப்படி இவன் கைக்கு வந்தது என்றெல்லாம் ஏஜென்சிக்காரனிடம் கேட்கக் கூடாது. கேட்டால் விமானம் இல்லை. அந்தப் பெயரிலேயே அகதி காட் கிடைத்தது, அந்தப் பெயரிலேயே வேலை கிடைத்தது. சஞ்சீவன் என்று கூப்பிட்டது அக்காவும் நாங்கள் சில பேரும்தான். உயிரோடு இருந்தவரை இதனால் அவனுக்கு ஒரு கரைச்சலும் வரவில்லை. செத்த பிறகு அக்கா போய்ப் பிரேதத்தைக் கேட்டபோதுதான், "மிஸ்யூ மிதுசனுக்கு அக்கா என்று ஒருவர் பதிவில் இல்லை, மேடம்" என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு வேறையொண்டும் வேண்டாம் அண்ணை," என்றாள் அந்த ஸ்டூலில் இருந்துகொண்டு. "என்ரை தம்பியை அவன்ரை சொந்தப் பேரிலை எரிக்க வேணும். வந்ததிலை இருந்து ஆற்றையோ பேரிலை திரிஞ்சவன். போகேக்கையாவது சஞ்சீவனாப் போகட்டும்."

பிரேதத்துக்கு உரிமை கோரி ஒருவரும் வராவிட்டால் நகரசபை தன் செலவில் பொதுநிலத்தில் குழி வெட்டித் தாட்டுவிடும். ஆகவே அவசரம். இரண்டு பேரின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தால் ஒரு நாளில் அலுவல் முடிந்துவிடுமே என்று மெரியில், அதாவது நகரசபைக் கந்தோரில், நான் கேட்டேன். செத்தவரிடம் அப்படிச் சோதனை செய்வதற்கு அவர் உயிரோடு இருந்தபோதே சம்மதம் தந்திருக்க வேண்டுமாம். அவன் உயிரோடு இருந்தபோது சாகிற எண்ணத்தில் இருக்கவில்லை என்றேன். அது வருந்தத்தக்க கவனக்குறைவு என்றார்கள். நீதவானிடம் போய், இவன் என் தம்பிதான் என்று சாட்சி சொல்லித் தீர்ப்பு வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள்.

கோட்டிலிருந்து, அதாவது நீதிமன்றத்திலிருந்து, நாலு பக்கத்தில் கடிதம் வந்தது. நான் பிரெஞ்சு படித்தது மரக்கறிச் சந்தையில். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். முதல் மூன்றே முக்கால் பக்கமும் கட்டடத்தைப் பற்றியது. மிச்சக் கால் பக்கத்தில், மேற்படி கட்டடத்தின் பெரிய மண்டபத்தில் தங்களுடைய விடயமும் கேட்கப்படும் என்று போட்டு நாளும் நேரமும் குறித்திருந்தார்கள்.

எந்த ஊர்க் கோடு என்று சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் வதிவிடக் காட் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. எபினேயையும் தாண்டி வடக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ரயில் பாதை போட வந்த ஸ்கொட்லாந்துக்காரன் ஒருவனுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டதாம். எங்களுக்கு ஊர் நினைப்பு வந்தால் கொஞ்சம் பிட்டை அவித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். அந்த மனிதன் தன் ஊர் நீதிமன்றத்தை அப்படியே இங்கே கட்டிவிட்டான். கல்லுக்கூட அங்கேயிருந்து கப்பலில் வந்தது. பக்கச் சுவர்களின் முகடு காகம் ஏறிப் போகிற மாதிரிப் படிப்படியாக மேலே போகும். மூலையில் கூம்புத் தொப்பி போட்ட ஒரு கோபுரம். கதவுக்கு மேலே முட்செடிப் பூ செதுக்கியிருக்கும். பிறகு அரசாங்கம் அதை வாங்கி, இது தேசத்தின் மரபுச் சொத்து, இதில் ஒரு ஆணியும் அடிக்கக் கூடாது, ஒரு ஆணியும் பிடுங்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது.

பெப்ரவரிக் குளிரில் போய் இறங்கினோம். சிவாஜினி சாம்பல் நிறச் சேலை கட்டி, மேலே தடித்த ஜக்கெட் போட்டிருந்தாள். கையில் தம்பியின் பள்ளிக்கூடக் காலத்துப் படம். முன்வாசல் பூட்டியிருந்தது. கீல்கள் அந்தக் காலத்துக் கீல்களாம், மந்திரி வந்தால் மட்டும்தான் திறப்பார்களாம். மற்றவர்களுக்குப் பக்கவாசல். அதன் மேலே கல்லில் ஏதோ பொறித்திருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். 'கைதிகள்' என்றார்.

உள்ளே போனவுடன் சப்பாத்துக்கு மேலே போடச் சொல்லி ஆளுக்கொரு சோடி கம்பளிச் செருப்புத் தந்தார்கள். நிலம் ஓக் மரப் பலகையாம், குதி பட்டால் நோகுமாம். எல்லோருக்கும் ஒரே சட்டம். சட்டத்தரணிகள், பொலிஸ்காரர், விவாகரத்துக்கு வந்த புருசன் பெண்சாதி எல்லோரும் கையை விரித்துக்கொண்டு வழுக்கி வழுக்கித் திரிந்தார்கள். சிவாஜினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருப்பதற்கு ஒரு கதிரையும் இல்லை. மூல வரைபடத்தில் கதிரை கீறப்படவில்லையாம். ஒரு வயதான பிரெஞ்சுக்காரி ஏலாமல் நிலத்தில் இருந்துவிட்டாள். நிலமும் மரபுச் சொத்துப் பட்டியலில் உள்ள நிலம்தான் என்று சொல்லி அவளை எழுப்பிவிட்டார்கள். வெப்பமூட்டியும் கிடையாது. எல்லோர் வாயிலிருந்தும் புகை போனது.

அப்போதுதான் மிஸ்யூ ழான்-லூக் வந்தார். அந்தக் கட்டடத்தின் மரபுக் காப்பாளர். கழுத்தில் பட்டுத் துணி சுற்றி, மற்றவர் ஒருவருக்கும் வராத ஒரு அழகில் வழுக்கி வந்து, எங்கள் முன்னால் நின்றார்.

"வழக்குக்கு வந்திருக்கிறீர்களா? நல்லது. தயவுசெய்து நிறைய மூச்சு விடாதீர்கள்," என்றார். "நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இந்தக் கல் மழைக்குத் தப்பியது, இரண்டு யுத்தத்துக்குத் தப்பியது. இன்றைக்கு இதற்கு இருக்கிற ஒரே எதிரி வழக்காளிகள். அவர்கள் மூச்சு விடுகிறார்கள். அழுகிறார்கள். எல்லாம் ஈரம். நீதவான்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். வழக்குகளும் அப்படித்தான். யார் வென்றது, யார் தோற்றது என்று பத்து வருடம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் அந்தக் கூரையைப் பாருங்கள்!"

நாங்கள் கூரையைப் பார்த்தோம். உயரத்தில் ஒரு பெரிய குவிமாடம். சுண்ணாம்பில் பூவும் கொடியுமாக வேலைப்பாடு.

"அண்ணை, இவர்தானே நீதவான்?" என்று சிவாஜினி மெல்லக் கேட்டாள். "இவரிட்டைப் படத்தைக் காட்டினாக் காணாதோ?"

"இல்லைப் பிள்ளை. இவர் கட்டடத்தின்ரை ஆள்."

"அப்ப எங்கடை ஆள் ஆர்?"

பிறகு, "தம்பி கிடக்கிற இடமும் இப்பிடித்தான் குளிருமோ அண்ணை?" என்றாள்.

எங்களுடைய ஆள் என்று சொல்லத்தக்கவர் ஒருவர் கடைசியில் வந்தார். மொழிபெயர்ப்பாளர் செபஸ்டியன். எழுபது வயது இருக்கும், தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். "வணக்கம்மா. பூர்வீகம் பாண்டிச்சேரி. வாழ்நாள் முழுக்க துலூஸ்ல தபால் ஆபீஸ். மக வீட்டோட இருக்கலாம்னு இப்பதான் இந்தப் பக்கம் வந்தேன். வழக்கமா வர்றவருக்கு உடம்பு சரியில்லையாம், என்னைக் கூப்பிட்டாங்க. பயப்படாதீங்கம்மா, நீங்க சொல்றதை ஒரு எழுத்து விடாம அப்படியே சொல்லிடறேன்." நல்ல மனிதர். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு எல்லோரும் அவரைத்தான் திட்டுகிறார்கள்.

மண்டபத்துக்குள் போவதற்கு அழைத்தார்கள். அங்கேதான் முதல் சிக்கல். நீதவானுக்கு மேடை இருந்தது, எழுதுவினைஞருக்கு மேசை இருந்தது, குற்றவாளிக்குக் கூண்டு இருந்தது. வழக்குப் போட்டவளுக்கு இடம் இல்லை. ஸ்கொட்லாந்துக்காரன் கீறும்போது, தானாக விரும்பி ஒரு ஆள் கோட்டுக்கு வருவான் என்று நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"கூண்டில் நிற்கட்டும்," என்றார் ழான்-லூக். "கவலைப்படாதீர்கள், அது சட்டப்படி ஒன்றையும் குறிக்காது. கட்டடக்கலைப்படி மட்டும்தான் குறிக்கும்."

கூண்டுக்கு மேலேயிருந்து போக வழியில்லை. கீழே கைதிகளை வைத்திருந்த பழைய மறியலறைக்குள் இறங்கி, அங்கேயிருந்து ஒரு கல்லுப்படி ஏறி, நிலத்தில் இருக்கும் பலகைக் கதவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பார்வையாளனான எனக்கு மேல்மாடத்தில் இடம். நான் அங்கே ஏறி நின்று பார்த்தபோது, மண்டபத்தின் நடுவில் பலகை திறந்து சிவாஜினியின் தலை மட்டும் முதலில் வெளியே வந்தது. கண்ணை அங்கும் இங்கும் உருட்டினாள். பிறகு தோள், பிறகு தம்பியின் படம். சுற்றிவர இடுப்பளவுக்கு இரும்பு முள்ளு.

நீதவான் அம்மா கறுப்பு அங்கியோடும் கம்பளிச் செருப்போடும் மெல்ல வழுக்கி வந்து மேடையில் அமர்ந்தார். ஒலிவாங்கி கிடையாது, சுவரில் துளை போட முடியாது. மொழிபெயர்ப்பாளருக்கும் வரைபடத்தில் இடம் இல்லாதபடியால், செங்கோல் தூக்குகிற சேவகன் நிற்பதற்கென்று அந்தக் காலத்தில் போட்ட கல்லில் செபஸ்டியனை நிறுத்தினார்கள். அது மண்டபத்தின் மறு அந்தத்தில், என் மேல்மாடத்துக்கு நேர் கீழே இருந்தது. கூண்டிலிருந்து அவ்வளவு தூரம் கூப்பிட்டால் சந்தையில்கூட ஆள் திரும்பாது.

நீதவான் அம்மா தொடங்கினார். "மேடம், இந்த மண்டபத்தைக் கட்டியவர் ஒரு தத்துவத்தோடு கட்டினார். உண்மை சொன்னால் அந்த ஒலி கல்லுக்குள் இறங்கிவிடும். பொய் சொன்னால் குவிமாடத்தில் பட்டுத் திரும்பி வரும். நான் இங்கே வந்த நாளிலிருந்து இந்தக் கூரை என்னைக் கைவிட்டதில்லை. சாட்சியங்களைப் படித்து என் கண் கெட்டுப்போகாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஆகவே பயமில்லாமல் பேசுங்கள்."

சிவாஜினி பேசினாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. "உரத்து!" என்றார் நீதவான் அம்மா. சிவாஜினி தன் பலம் எல்லாம் சேர்த்து, "அவன் என்ரை தம்பி!" என்று கத்தினாள். தம்பி, தம்பி, பி, பி என்று கூரை முழுக்கச் சுழன்று வந்தது. நீதவான் அம்மா நிமிர்ந்து குவிமாடத்தைப் பார்த்தார், குனிந்து எதையோ எழுதினார்.

அந்த மண்டபத்தில் யார் தும்மினாலும் திரும்பி வரும். நீதவான் அம்மாவின் குரலும் இரண்டு தரம் திரும்பித்தான் வந்தது. அதை அவர் எழுதவில்லை.

படத்தைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு தூரத்தில் அது ஒரு வெள்ளைக் கடதாசி. கிட்டக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று செபஸ்டியன் கேட்டார். சேவகனின் கல்லை விட்டு இறங்க அனுமதியில்லை என்றார்கள்.

"இறந்தவரோடு உங்களுக்கு உண்மையில் தொடர்பு இருந்ததா?" என்று நீதவான் அம்மா கேட்டார். "அடிக்கடி சந்திப்பீர்களா?"

செபஸ்டியன் தமிழில் கேட்டார். சிவாஜினி சொன்னாள்: "காணுறது குறைவு. அவனுக்கு ராவிலை வேலை, எனக்கு விடியக் காலமை வேலை. ஆனா ஒவ்வொரு நாளும் போனிலை கதைக்கிறனாங்கள். ஒரு நாளும் கதைக்காமல் விட்டதில்லை."

செபஸ்டியன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, பாவம், ஒரு எழுத்து விடாமல் பிரெஞ்சில் சொன்னார். சந்திப்பது குறைவு, ஆனால் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதை சொல்வேன். ஒரு நாளும் கதை சொல்லாமல் விட்டதில்லை.

பாண்டிச்சேரியில் மனிதர்கள் பேசுவார்கள். நாங்கள் கதைப்போம். அவருக்குக் கதை என்றால் ஒரு ஊரில் ஒரு ராஜா. பிரெஞ்சுக்காரருக்கோ, ஒருத்தி கதை சொல்கிறாள் என்றால் அவள் புளுகுகிறாள் என்று அர்த்தம். மூன்று பக்கத்திலும் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் மட்டும் யாழ்ப்பாணத்தில் ஏறி, பாண்டிச்சேரியில் மாறி, பாரிசில் போய் இறங்கிவிட்டது.

நீதவான் அம்மாவின் புருவம் உயர்ந்தது. "கதையா? ஆஸ்பத்திரியிலும் கதை சொன்னீர்களா?"

செபஸ்டியன் கேட்டார். "ஆஸ்பத்திரியிலயும் கதைச்சீங்களாம்மா?" அவள் பாவித்த சொல்லையே அவளுக்கு விளங்கட்டும் என்று மரியாதைக்காகப் பாவித்தார்.

"ஓம் ஐயா, ஆஸ்பத்திரியிலையும் கதைச்சனான். கொமிசாரியாவிலையும் கதைச்சனான். மெரியிலை ஒண்டுக்கு ரண்டு தரம் போய்க் கதைச்சனான். ஒருத்தரும் கேக்கேல்லை."

பிரெஞ்சில் அது இப்படிப் போனது: ஆஸ்பத்திரியில் கதை சொன்னேன். பொலிசில் கதை சொன்னேன். நகரசபையில் இரண்டு தரம் கதை சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

"இன்றைக்கு, இந்த நீதிமன்றத்தில்?"

"இஞ்சையும் அதைத்தானே கதைக்கிறன்," என்றாள் சிவாஜினி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எழுதுவினைஞர் எழுதினார். மேல்மாடத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு வசனமும் குவிமாடத்தில் பட்டு மூன்று துண்டாகத்தான் வந்தது. துண்டுகளை நான் பொருத்தி முடித்து, ஐயோ கடவுளே என்று விளங்கிக்கொண்டபோது நீதவான் அம்மா கோவையைக் கட்டிக்கொண்டிருந்தார். "நோன்! நோன்! கதைக்கிறதெண்டா பார்லே! பார்லே!" என்று, பேசுவதற்கான பிரெஞ்சுச் சொல்லைக் கத்தினேன். என் சத்தமும் கூரையில் சுற்றி வந்தது. கூரை அதையும் பொய் என்றுதான் சொல்லியிருக்கும். மேல்மாடம் பார்ப்பதற்கு மட்டும் என்று ஒரு காவலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றுப்படியில் கம்பளிச் செருப்போடு விழுந்தெழும்பி நான் கீழே வருவதற்குள் சிவாஜினியின் தலை பலகைக்குக் கீழே போய்விட்டது.

வெளியே வந்து செபஸ்டியனுக்கு விளங்கப்படுத்தினேன். "எங்க ஊர்ல கதைன்னா கதைதாங்க. எனக்கு வேற தெரியாதே. அந்த அம்மா வாயால அவங்க தலையிலயே மண்ணை அள்ளிப் போட வச்சிட்டேனே. வாங்க, இப்பவே போய்ச் சொல்லலாம்." வழுக்கி வழுக்கி ஓடினோம். பதிவு செய்த சாட்சியத்தைத் திருத்துவதற்குக் கோபுரத்தின் உச்சியில் தனி அறை இருப்பதாக ழான்-லூக் சொன்னார்.

"மிக அழகான அறை," என்றார். "மரவேலைப்பாட்டைப் பார்த்தால் கண் கலங்கும். அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறோம்."

"வேறை எங்கை திருத்துறது?"

"மிஸ்யூ, திருத்தம் அந்த அறையில்தான் செய்யப்பட வேண்டும். அறையின் பெயரே திருத்த அறை. வேறொரு அறையில் செய்தால் இந்தக் கட்டடத்துக்கு என்ன அர்த்தம்?"

செபஸ்டியன் விடவில்லை. தன் பிழை என்று சொல்லி, தபால் கந்தோர்க்காரருக்கே உரிய அழகான கையெழுத்தில் நீதவானுக்கு எழுதிப் போட்டார். எங்கள் கட்டடத்தில் தாங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி, தங்கள் கடிதம் வருகையாளர் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று, அந்த வயதில் விம்மி அழுதார். சிவாஜினிதான் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள்.

தீர்ப்பு தபாலில் வந்தது. மனுதாரர் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் நகரசபையிலும் இந்த மன்றத்திலும் கதை சொன்னதாகத் தானே ஒப்புக்கொண்டார். மண்டபத்தின் அமைப்பும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே இறந்தவர் அவருடைய பத்திரங்களில் உள்ளபடி மிதுசன் என்பவரே. உடலைப் பொதுநிலத்தில் அடக்கம் செய்க. கடைசிப் பந்தியில் ஒரு இரக்கமும் இருந்தது. இறந்தவரின் உண்மையான குடும்பத்தின் உரிமையை மதித்து, பிறப்புச் சான்றிதழில் உள்ள விலாசத்துக்கு மன்றம் முறைப்படி அறிவிக்கும் என்று போட்டிருந்தார்கள். அந்தக் கடைசிப் பந்தியை நான் அன்றைக்குச் சரியாக வாசிக்கவில்லை. வாசித்து என்ன, இவளுக்கு இனி அதில் என்ன இருக்கிறது என்று மடித்து வைத்துவிட்டேன்.

தாட்ட அன்று நான், சிவாஜினி, செபஸ்டியன் மூன்று பேரும் போனோம். பெட்டி மூடியிருந்தது. எரிக்கவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. வாய்க்கரிசி போட வாய் இல்லாதபடியால் சிவாஜினி அரிசியைப் பெட்டி மூடியின் மேலே தூவினாள். நகரசபைத் தொழிலாளிகள் கயிற்றைப் பிடித்தபடி, அவள் முடிக்கட்டும் என்று அவசரப்படாமல் நின்றார்கள். "சஞ்சீவன், அக்கா நிக்கிறன் ராசா," என்று ஒரு தரம் சொன்னாள். பிறகு மண் விழுந்தது. தலைமாட்டில் மிதுசன் என்று எழுதிய சின்னத் தகடு ஒன்றைக் குத்தினார்கள். நான் அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுதேன். மிதுசனை உனக்குத் தெரியாதே, அவனுக்காக அழ என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

தாட்ட நாளிலிருந்து எண்ணிய முப்பத்தோராம் நாளுக்குப் படைக்க மரக்கறி வாங்கச் சிவாஜினி வந்திருந்தாள். வாழைக்காயைப் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது கடைப் போன் அடித்தது. ஊர் நம்பர். முல்லைத்தீவிலிருந்து ஒரு அம்மா. லா ஷப்பலில் இருக்கிற யாரையோ பிடித்து, விசாரித்து, என் நம்பரை எடுத்திருக்கிறார்.

"தம்பி, பரிஸ் கோட்டிலையிருந்து கடிதம் வந்தது. பாதர்தான் வாசிச்சுச் சொன்னவர். அதிலை சிவாஜினி எண்டு ஒரு பிள்ளையின்ரை பேர் கிடக்கு. அவவோடை ஒருக்காக் கதைக்க ஏலுமோ? நான் மிதுசன்ரை அம்மா."

போனை ஸ்பீக்கரில் போட்டு, சிவாஜினியின் பக்கம் நீட்டினேன். அந்த அம்மா தானே சொன்னார்.

"பிள்ளை, சண்டை முடிஞ்ச கிழமை என்ரை கையிலையிருந்துதான் ஆமிக்காரர் அவனைப் பிரிச்சுக் கொண்டுபோனவை. கொண்டுபோகேக்கை அவன்ரை பத்திரமெல்லாம் அவன்ரை பையுக்கைதான் இருந்தது. அண்டைக்குத் தொடங்கி நான் ஏறாத கந்தோர் இல்லை. காம்புக்குப் போனன், கமிஷனுக்குப் போனன், படத்தைப் பிடிச்சுக்கொண்டு றோட்டிலை இருந்தனான். பதினைஞ்சு பதினாறு வரியம். இருக்கிறான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, இல்லை எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கடை கோடுதான் பிள்ளை எனக்கு முதல் முதல் மறுமொழி தந்தது. முத்திரை குத்தி, கையெழுத்து வைச்சு, என்ரை பேரையும் சரியா எழுதி. அந்தக் கோட்டுக்கு என்ரை கும்பிடைச் சொல்லுங்கோ."

சிவாஜினி வாழைக்காயைக் கீழே வைத்தாள்.

"அவன் தப்பிப்போட்டான் பிள்ளை," என்றார் அந்த அம்மா, அழுகையும் சிரிப்புமாக. "நான் நினைச்ச மாதிரி அவங்கள் கொல்லேல்லை. தப்பி, பரிசுக்கு வந்து, வேலை செய்து, சாப்பிட்டு, இவ்வளவு காலமும் உயிரோடை இருந்திருக்கிறான். என்னை ஏன் தேடேல்லையோ தெரியாது. நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிருப்பான். நோயிலை கன நாள் கிடந்தவனோ?"

சிவாஜினி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதைச் சொல் என்றோ சொல்லாதே என்றோ சொல்ல எனக்கு என்ன அருகதை.

"இல்லை அம்மா," என்றாள் சிவாஜினி. "டக்கெண்டு உயிர் போட்டுது. நோகேல்லை."

"பக்கத்திலை ஆரும் நிண்டவையோ?"

"மண் போடேக்கை நான் நிண்டனான். அரிசி போட்டனான்."

"நீங்கள் நல்லா இருப்பியள் பிள்ளை. நீங்கள் அவனுக்கு என்ன முறை?"

கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். வெளியே பஸ் ஒன்று ஹோன் அடித்தது. ஆஸ்பத்திரியில், கொமிசாரியாவில், மெரியில், இரும்பு முள்ளுக்கு நடுவில் நின்று அவள் தொண்டை கிழியக் கத்திய அந்தச் சொல் இப்போது வெளியே வருமென்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு முறையும் இல்லை அம்மா," என்றாள். "தெரிஞ்ச ஆள்."

"பெரிய மனசு பிள்ளை உங்களுக்கு. ஒரு உதவி கேக்கட்டே? அவன்ரை பேரை வடிவா வெட்டி ஒரு கல்லு வைச்சு விடுவியளோ? நான் வந்து பாக்கப்போறதில்லை. கல்லு கிடக்கெண்டு தெரிஞ்சாக் காணும்."

"வைக்கிறன் அம்மா."

சிவாஜினி என் சட்டைப் பையிலிருந்த பேனையைத் தானே எடுத்தாள். வாழைப்பழப் பெட்டியிலிருந்து ஒரு மட்டையைக் கிழித்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அவர்ரை தகப்பன்ரை பேர் என்ன? இனிஷல் போட வேணும்."

அந்த அம்மா சொன்னார். சிவாஜினி எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, எழுத்துச் சரிதானா என்று பார்க்கச் சொல்லி மட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.